டாக்டர் பிராய்டும் செயற்கை அண்ணமும்

மனோதத்துவத்தில் ஒரு புதிய மார்க்கத்தைத் திறந்துவைத்த டாக்டர் ஸிக்மண்ட் பிராய்டின் கொள்கைகளைப் பற்றி அறிஞர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் அவருடைய ஜீவியத்தின் கடைசி 16 ஆண்டுகளை அறிந்தவர்களுக்குள், அவருடைய மனவுறுதியைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. வாயில் தோன்றிய புற்றுநோயோடும், அதை அகற்றிய பின் பொருத்தப்பெற்ற செயற்கை அண்ணத்தோடும் அவர் நடத்திய போராட்டம் பொதுஜனங்களும் அறியத் தக்கது.

1856 மே 6-ஆம் தேதி மொரேவியாவில் பிறந்த பிராய்ட், சிறுவயது முதல் வியன்னா நகரில் வளர்ந்து, 1881-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். உலகப் பிரசித்தி பெற்ற பின்னும் அவரை விடாத பழக்கம் ஒன்று உண்டு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 சுருட்டுகள் புகைத்து வந்தார்.

1923-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வலது மேல்தாடைப் பக்கம் ஒரு வெண்படலத்தை அவரே கண்டார். ஏப்ரலில் நடந்த முதல் ரண சிகிச்சைக்குப் பின் இரத்தம் பெருகியது. உதவிக்கு அழைக்கும் மணியும் இயங்கவில்லை. அதே அறையிலிருந்த குள்ள உருவமுள்ள நோயாளி ஒருவர் ஓடித் தாதியை அழைத்து வந்திராவிடில் அன்றே உயிர் போயிருக்கக் கூடும். வைத்தியர்களோ நோயின் உண்மைப் பெயரை முதலில் அவரிடம் மறைத்தனர். உண்மையைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர் இதைப் பெரிதும் வெறுத்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் டாக்டர் ஹான்ஸ் பிக்ளர் வலது மேல்தாடையின் பெரும்பகுதியையும் அண்ணத்தையும் அறுத்து நீக்கினார். வாய்க்கும் மூக்குக்கும் இடையிலுள்ள சுவர் போயிற்று. அவ்விடைவெளியை அடைக்கப் பற்களோடு கூடிய பெரிய செயற்கை அண்ணம் ஒன்று செய்யப்பட்டது. குடும்பத்தார் அதற்கு ராக்ஷஸன் என்று பெயரிட்டனர். இறுக்கமாகப் பொருந்தினால் புண் உண்டாகும். தளர்ந்திருந்தால் பேச்சும் உணவும் தடைப்படும். சில மணி நேரம் கழற்றி வைத்தாலோ, தசை சுருங்கி, மீண்டும் உள்ளே செல்லாது. ஒரு சமயம் அவரும் குமாரத்தி அன்னாவும் அரைமணி நேரம் முயன்றும் முடியாமல், டாக்டர் பிக்ளரையே அழைக்க நேர்ந்தது.

பேச்சைத் தொழிலாகக் கொண்ட மனிதருக்குக் குரல் கெடுவது எத்தகைய நஷ்டம் என்பதை வழக்கறிஞர்களும் பிரசங்கிகளும் நன்கறிவர். மூக்கால் பேசும் நிலை வந்தது; வலது காது கேளாதாயிற்று. அவர் நோயாளி படுக்கும் சோபாவை மறுபக்கம் மாற்றிப் போட்டு, இடது காதால் கேட்டுத் தொழில் நடத்தினார். பிறர் முன் உண்பதைத் தவிர்த்தார். 1930-இல் பிராங்க்பர்ட் நகரம் அளித்த கதே பரிசுக்கான உரையை அன்னாவே சென்று வாசித்தார். எனினும் 1924 ஜனவரியிலேயே வேலைக்குத் திரும்பியவர், பின்னர் பல நூல்களை எழுதி வெளியிட்டார். சுருட்டை மட்டும் விடவில்லை. அது போற்றத் தக்கதன்று.

நல்ல அண்ணம் தேடி அவர் அலைந்தது சிறிதன்று. 1928-இல் பெர்லினில் பேராசிரியர் ஷ்ரோடரிடம் புதியது செய்துகொண்டார்; ஓரளவு சுகம் கிடைத்தது. 1931-இல், முதல் உலக யுத்தத்தில் தாடை சிதைந்த போர்வீரர்களுக்குச் சிகிச்சை செய்து புகழ்பெற்ற ஹார்வர்டு பேராசிரியர் கஸஞ்சியன், பெருந்தொகை பெற்று முயன்றும் முழுப்பயன் விளையவில்லை. அதே ஆண்டு, ஸ்ரீ கிரீந்திரசேகர போஸ் கல்கத்தாவில் நிறுவிய சங்கம், அவருடைய 75-ஆம் பிறந்தநாளுக்குத் தந்தத்தாலான விஷ்ணு விக்கிரகம் அனுப்பியது.

1938 மார்ச்சில் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றி, அன்னாவையும் விசாரணைக்குக் கொண்டுசென்றனர். ஜூனில் குடும்பம் லண்டன் சேர்ந்தது. செப்டம்பரில் டாக்டர் பிக்ளர் அங்கு வந்து மீண்டும் அறுத்தார். டிசம்பரில் பி.பி.சி. அவருடைய குரலைப் பதிவு செய்தது. செயற்கை அண்ணத்தினூடே தளர்ந்து, ஆனால் தெளிவாக வரும் அக்குரலை இன்றும் கேட்கலாம். 30-க்கும் மேற்பட்ட ரண சிகிச்சைகளைத் தாங்கியவர், வேதனை எல்லை மீறியபோது, முன்பே செய்துகொண்ட உடன்படிக்கையை டாக்டர் மாக்ஸ் ஷூருக்கு நினைவூட்டினார். ஷூர் மார்பியா கொடுத்தார். 1939 செப்டம்பர் 23-ஆம் தேதி பிராய்ட் காலமானார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கட்டியை அகற்றியதும் வைத்தியரின் கடமை தீர்ந்துவிடவில்லை. உண்ணவும், பேசவும், கூசாமல் மனிதர் முன் வரவும் நோயாளிக்கு இயலுமா என்பதே அடுத்த கேள்வி. இன்று காலெலும்பைக் கொண்டு தாடையை அமைக்கவும், எலும்பில் டைட்டானியம் திருகுகளைப் பதித்துப் பற்களை நிறுத்தவும் வழியுண்டு. பிராய்டுக்குச் செல்வந்த நண்பர்களும் அயராத மகளும் இருந்தனர். புகையிலையாலும் பாக்காலும் வாய்ப்புற்று மலிந்துள்ள நம் தேசத்தில் ஏழை நோயாளிக்கு யார் இருக்கிறார்கள்? ரண சிகிச்சைக்கு முன்பே பல் வைத்தியரையும் கலந்து, செயற்கை அண்ணத்தையும் பற்களையும் ஆடம்பரமாக எண்ணாமல், சிகிச்சையின் ஓர் அங்கமாகவே வழங்குவது ஆஸ்பத்திரிகளின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது பொதுஜனங்களின் உரிமை.