பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கியவர். ஷெஃபீல்டில் வழக்கில் தோற்றவர்: யார் இந்த ஹீத்?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி சிதம்பரம் நோக்கிப் போனால், இடது கைப்பக்கம் கடலோரமாக இருக்கிறது பரங்கிப்பேட்டை. 1781-ல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிற ஊர் என்றும் தெரியும். ஆனால் இங்கே 1830 வாக்கிலேயே ஐரோப்பிய பாணி இரும்பு உலை எரிந்தது என்பது அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பலருக்கே புதுச்செய்தி. அதைத் தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

அவர் கதைக்குப் போகும் முன் ஒரு சின்ன விளக்கம். உருக்கி ஊற்றிய உலோகம் ஏன் சில சமயம் சொத்தையாகப் போகிறது? உருகிய நிலையில் அது வாயுக்களை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். ஆறி இறுகும்போது அவை வெளியே வரப் பார்க்கும். வழி கிடைக்காவிட்டால் உள்ளேயே குமிழியாக நின்றுவிடும். உலோகத்தின் படிகங்களும் பெரிசு பெரிசாக வளர்ந்துவிட்டால், ஓங்கி ஒரு அடி அடித்தாலே விரிசல் விடும். இதற்கு ஒரு வைத்தியம், இறுகுகிற நேரத்தில் அதிரவைப்பது. வளர்கிற படிகங்கள் உடைந்து பொடிப்பொடியாகும், குமிழிகளும் மேலே வந்துவிடும். 1878-ல் ரஷ்யாவின் செர்னோவ் உருக்கில் இதைப் பேசினார்; இன்று அலுமினிய வார்ப்பில் அல்ட்ராசானிக் அதிர்வு வரை வந்திருக்கிறது. இன்னொரு வைத்தியம், உருகியிருக்கும்போதே சரியான மருந்தைப் போடுவது. ஹீத் பிடித்தது இந்த இரண்டாவது வழி. அதுவும் செர்னோவுக்குச் சுமார் 40 வருஷம் முன்னாடி.

ஹீத் அடிப்படையில் பொறியாளர் இல்லை. கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை மாகாண அதிகாரி. சேலம் பக்கம் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாக வேலை பார்த்தார். பறவைகள், வௌவால்கள் சேகரிக்கும் பழக்கமும் இருந்தது. நம்மூர் மஞ்சள் வௌவால் ஒன்றின் அறிவியல் பெயரில் இன்றும் இவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் சேலத்தில் அவர் கண்ணை உறுத்தியது கஞ்சமலை போன்ற குன்றுகளில் கொட்டிக்கிடந்த இரும்புத்தாதுதான். 1825-ல் வேலையை விட்டார். மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்க உரிமையும், அரசிடம் கடனும் வாங்கிப் பரங்கிப்பேட்டையில் ஆலை போட்டார்.

சேலத்துத் தாதுவுக்குக் கடலூர்ப் பக்கம் எதற்கு ஆலை? தாது பரிசல்களில் காவிரி, கொள்ளிடம் வழியாக இறங்கி வந்தது. செய்த இரும்பைக் கப்பலேற்றத் துறைமுகம் பக்கத்திலேயே. காகிதத்தில் அழகான கணக்குதான். ஆனால் நிலக்கரி இல்லை. எல்லாமே மரக்கரி. ஊது உலையின் வயிற்றுக்கு மரக்கரி போட்டுக் கட்டுப்படியாகுமா? காடு தள்ளிப்போகப் போகச் செலவு ஏறியது. மேற்குக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை தொடங்கினார்கள். அதுவும் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. இரும்பு மட்டும் தரமாக இருந்தது. கப்பலில் ஷெஃபீல்டுக்குப் போனது. வேல்ஸில் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்திலும் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டதாகப் பதிவுகள் உண்டு.

இதற்கிடையே ஹீத் இன்னொரு வேலை செய்தார். இதைத்தான் நான் பெரிசாக நினைக்கிறேன். சேலம் பகுதிக் கொல்லர்கள் உருக்கு செய்வதை உட்கார்ந்து கவனித்து எழுதிவைத்தார். இரும்புத் துண்டுகளை மண் மூசையில் அடுக்கி, இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டை போட்டு, மேலே எருக்கிலை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். அவ்வளவுதான். ஐரோப்பா பல நாள் எடுத்துச் செய்த வேலை மூடிய மூசைக்குள் ஒரு பொழுதில் முடிந்துவிடுகிறது! எகிப்தியர் கருங்கல் தூண்களைச் செதுக்கிய உளிகளே இந்திய உருக்காக இருக்கலாம் என்றுகூட அவர் வாதிட்டார். அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் மூசைக்குள் எதைப் போடுகிறோம் என்பதுதான் உருக்கின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற பாடம் அவர் மனசில் பதிந்துவிட்டது.

பிறகு இங்கிலாந்து திரும்பினார். அங்கே ஷெஃபீல்டுக்காரர்கள் நல்ல வார்ப்பு உருக்குக்கு விலை கூடிய ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்தார்கள். உள்ளூர் இரும்பில் செய்தால் சூட்டில் அடிக்கும்போது பிளந்துவிடும், பற்றுவைக்கவும் முடியாது. ஹீத் மாங்கனீசும் கரியும் சேர்ந்த கூட்டுப்பொருளை 1 முதல் 3 சதவீதம் மூசையில் போட்டார். மாங்கனீசு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், கந்தகத்தின் கொட்டத்தையும் அடக்கும். உருக்கு சுத்தமாக இறுகியது, பற்றவைப்புக்கும் வந்தது. 1839-ல் காப்புரிமை வாங்கினார். உருக்கின் விலை 30 முதல் 40 சதவீதம் இறங்கியதாகச் சொல்வார்கள்.

அப்புறம் எங்கே சறுக்கினார்? செலவைக் குறைக்க அவரே ஒரு யோசனை சொன்னார். கூட்டுப்பொருளைத் தனியாகச் செய்வானேன், மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் மூசையில் போட்டால் சூட்டில் உள்ளேயே அது உருவாகிவிடுமே! ஷெஃபீல்டில் அவருக்கு முகவராக இருந்த அன்வின் இதைக் கற்றுக்கொண்டு, தானே தனியாகச் செய்ய ஆரம்பித்தார். ஹீத் வழக்குப் போட்டார். காப்புரிமையில் எழுதியிருந்ததோ கூட்டுப்பொருளைப் போடுவது. அன்வின் போட்டதோ ஆக்சைடும் தாரும். மூசைக்குள் நடப்பது ஒன்றுதான் என்றாலும், தாளில் இருந்தது வேறு. வழக்கு நீதிமன்றம் மாறி மாறி வருஷக்கணக்கில் இழுத்தது. 1851-ல் ஹீத் வறுமையில் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபையின் இறுதித் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே போனது.

அடுத்த வருஷமே, 1856-ல், பெஸ்ஸமரின் புது முறை உருக்கு சூட்டில் நொறுங்கித் திணறியபோது, ராபர்ட் முஷெட் அதில் மாங்கனீசு கலந்த வார்ப்பிரும்பைச் சேர்த்துக் காப்பாற்றினார். பரங்கிப்பேட்டை கம்பெனி கை மாறியும் தேறவில்லை; 1874-ல் கலைக்கப்பட்டது.