வடலூர் இராமலிங்க அடிகளும் இறந்தோர் அடக்கமும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நம் வீட்டு ஜனாஸாவுக்கு வந்து, கப்ரில் மண் தள்ளி முடியும் வரை உடன் நிற்கும் ஹிந்து அன்பர்களில் சிலர், தங்கள் வீட்டிலும் எரிப்பதில்லை, அடக்கம்தான் என்று கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள் வடலூர் இராமலிங்க அடிகளின் வழி நிற்பவர்கள்.

அடிகள் 1823ல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். சென்னையில் வளர்ந்து, பின்னர் கருங்குழிக்கு வந்து தங்கினார். 1867ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிப் பசித்தவர்களுக்குச் சோறிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

1871ல் தம் அன்பர்களுக்கு அவர் ஓர் அறிவிப்பு விடுத்தார். இறந்தவரைச் சுடாமல் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். உடல் ஆண்டவன் தந்தது, அதைத் தீயிலிடுவது குற்றம் என்பது அவர் கொள்கை. ஆண்டவன் வரும்போது இறந்தவர்கள் எழுப்பப்படுவார்கள். ஆகவே அழுது புரள வேண்டாம், கருமாதியும் திதியும் வேண்டாம், ஒரு நாள் வந்தவர்களுக்குச் சோறிட்டால் போதும் என்றார். கணவனை இழந்தவள் தாலியைக் கழற்ற வேண்டியதில்லை என்றும் சொன்னார். தாலியறுக்கும் சடங்கில் அந்தப் பெண் படும் பாட்டைக் கண்டவர்களுக்கு இதன் கனம் விளங்கும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், பங்காளிகளும் ஊராரும் பார்த்திருக்க இப்படி நடப்பது எளிதா? மூன்றாம் பாத்திஹா, நாற்பதாம் பாத்திஹா என்று கடன் வாங்கி விருந்து வைக்கும் நம்மவர்களும் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் ஓரிடத்தில் அவர் வழியும் நம் வழியும் பிரிகின்றன. மனிதன் மரணத்தையே வெல்லலாம் என்று அவர் போதித்தார். பிறந்தவர் எவரும் மௌத்துக்குத் தப்ப முடியாது என்பது நம் ஈமான். இறந்தோர் எழுவது கியாமத் நாளில். அதுவும் கேள்வி கணக்குக்காக. ஆண்டவனின் வருகையோ அண்மையில் இருப்பதாக அவர் நம்பினார்.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். திறக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை என்று ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தென்னாற்காடு ஜில்லா நூலில் எழுதியிருக்கிறார். ஒளியாகிவிட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. மற்றவர்களை மண்ணில் அடக்கச் சொன்ன அவருக்கு அடக்கத்தலம் என்று ஒன்று இல்லை. தைப்பூசம் கழிந்து இரண்டாம் நாள், அந்த அறையைக் காண மேட்டுக்குப்பத்தில் ஆண்டுதோறும் கூட்டம் நிறைகிறது.