வேதாளையின் வேதசாட்சி

நம் இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்தை அடுத்துள்ள கடற்கரைச் சிற்றூர் வேதாளை. இயேசு சபையின் முதல் வேதசாட்சி இரத்தம் சிந்திய இடம் அதுவே என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தோணி கிரிமினாலி அடிகளார் 1520-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில், பார்மா நகரின் அருகிலுள்ள சிஸ்ஸா என்ற ஊரில் பிறந்தார். 1542-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1545-இல் கோவா வந்தடைந்தார். பின்னர் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே பணிபுரிந்தார். தமிழைப் பேசவும் எழுதவும் கற்றார். புனித சவேரியார் இவரையே அங்குள்ள குருக்களுக்குத் தலைவராக்கினார். இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்திலும் இவரைப் புகழ்ந்திருக்கிறார்.

அந்நாளில் இக்கரையில் அமைதி இல்லை. 1544-லேயே வடுகர் படைக்கு அஞ்சிய பரதவர், குமரி முனையருகே கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். 1549-இல் போர் வேதாளைக்கு வந்தது. அங்கே காவல் வைத்திருந்த போர்த்துக்கீசியர், இராமேஸ்வரம் செல்லும் யாத்திரிகர்களிடம் வரி வாங்கினர். அதனால் மூண்ட கோபமே படையெடுப்பாயிற்று. தலைவர்கள் செய்த தவறுக்கு ஏழைகள் உயிர் கொடுக்க நேர்ந்தது.

கடலில் தோணிகள் நின்றன. அடிகளாரும் ஏறித் தப்பியிருக்கலாம். ஆனால் அவர் பெண்களையும் குழந்தைகளையும் தோணிகளுக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியவர்களுக்காகக் கரையிலேயே நின்றார். ஈட்டிகள் பாய்ந்து மடிந்தார். அப்போது அவருக்கு வயது 29.

இராமேஸ்வரம் செல்லும் வழியில் வேதாளையைக் கடக்கும்போது, பிறரை முதலில் ஏற்றிவிட்ட அந்த இளங்குருவை நினைப்போம். நமக்கு முன் பிறரை எண்ண நாமும் கற்றுக்கொள்வோமாக.