சஃபோக் மாளிகையும் பிரான்சிஸ் லைட்டும்

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, பினாங்கைக் கண்டுபிடித்தவர் பிரான்சிஸ் லைட் என்று மனனம் செய்திருந்தேன். சென்ற விடுமுறையில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் உள்ள சஃபோக் மாளிகைக்குச் சென்றேன். அது அவர் வாழ்ந்த வீடு என்றே நினைத்திருந்தேன். அது தவறு என்று அறிந்த பிறகுதான் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிறந்த லைட், கடற்படையிலிருந்து விலகி 1765-இல் இந்தியா வந்தார். சென்னை வணிக நிறுவனம் ஒன்றின் முகவராகக் கெடாவில் வாணிகம் செய்தார். சியாமுக்கு அஞ்சிய கெடா சுல்தான், படைப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பியே தீவைத் தர இசைந்தார். 1786 ஆகஸ்டு 11-இல் லைட் இங்கே கொடியேற்றினார். ஆனால், கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. 1791-இல் தீவை மீட்கத் திரண்ட சுல்தானின் படையை லைட் முறியடித்தார். பின்னர், ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என உடன்படிக்கை ஆயிற்று.

தாம் பிறந்த மாவட்டத்தின் பெயரையே தம் மிளகுத் தோட்டத்திற்குச் சூட்டினார். அங்கிருந்த அவர் வீடு எளிய மரவீடுதான். 1794 அக்டோபர் 21-இல் மலேரியா அவர் உயிரைப் பறித்தது. தம் துணைவியார் மார்ட்டினா ரோசெல்ஸுக்குத் தோட்டத்தை எழுதி வைத்திருந்தார். எனினும், சில ஆண்டுகளிலேயே அது கைமாறி, பின்னாளில் ஆளுநரான பிலிப்ஸிடம் சேர்ந்தது.

இன்றுள்ள மாளிகையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவர் பிலிப்ஸ்தான். இரண்டு மாடி, வரிசைத் தூண்கள், காற்று உலவும் அகன்ற தாழ்வாரம் என்று, சென்னையில் வெள்ளையர் கட்டிய தோட்ட வீடுகளின் சாயல் அதில் தெரிகிறது. 1929 முதல் மெதடிஸ்ட் பள்ளியின் வசம் இருந்து, 1975-க்குப் பிறகு பாழடைந்தது. 2007-இல் சீரமைப்பு முடிந்து, மறு ஆண்டே யுனெஸ்கோ விருதும் பெற்றது.

கார்ன்வாலிஸ் கோட்டையில் உள்ள, 1936-ஆம் ஆண்டுச் சிலையும் லைட்டின் முகமன்று. அவர் படம் கிடைக்காததால், அடிலெய்டு நகரை வடிவமைத்த மகன் வில்லியத்தின் சாயலில் செய்தார்கள்.

வீடும் அவருடையதன்று, முகமும் அவருடையதன்று. தீவும் சுல்தானுடையது. ஏமாந்த சுல்தானுக்கும், தோட்டத்தை இழந்த மார்ட்டினாவுக்கும், தொடக்க நாள்களிலேயே இங்கு வந்து உழைத்த நம் சூலியா மக்களுக்கும் சிலை இல்லை. நண்பர்களே, அடுத்த முறை அம்மாளிகைக்குச் சென்றால் இவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் மனனம் செய்த அந்த ஒற்றை வரியை என் தம்பி தங்கையருக்கு இனிச் சொல்லமாட்டேன்.