பக்கத்து அறையில் கேட்ட பிட்ச்

ப்ராஜெக்ட் ஐடியா ரெடி, ஸ்லைடும் ரெடி. ஆனா நிதி தரப்போறவங்க முன்னாடி நின்னதும் வாய் உலர்ந்துடுதா? அப்போ வேலூர் சிஎம்சி உருவான கதையைக் கொஞ்சம் கேளுங்க.

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பாவும் தாத்தாவும் மிஷனரி மருத்துவர்கள். ஐடாவுக்கோ அந்த வாழ்க்கையில் துளியும் ஆசை இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். சீக்கிரம் திரும்பிப் போறதுதான் திட்டம்.

ஒரு நாள் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஆண் மருத்துவரான ஐடாவின் அப்பாவை உள்ளே விட மூவருக்கும் சம்மதமில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அதுக்கப்புறம்தான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1899-ல் கார்னெலில் பட்டம் வாங்கினார். இந்தியா கிளம்பும் முன் ஒரு பொறுப்பு வந்தது: வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டணும். நாட்களோ குறைவு.

டேபர் என்ற பெண்மணியின் வீட்டுக்குப் போய், அந்த இரவைப் பற்றியும் வேலூரின் தேவையைப் பற்றியும் பேசினார். பக்கத்து அறையில் இருந்த அவர் மைத்துனர் ஷெல், ஒரு வங்கியாளர், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தார். பிறகு ஐடாவை அழைத்து, மறைந்த தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். கேட்டதைவிட அதிகம்!

கவனிச்சீங்களா? ஒரு ஊர், ஒரு கட்டடம், ஒரு தொகை. யாருக்காக, ஏன் என்பதில் குழப்பமே இல்லை.

காசு வந்ததோடு கதை முடியலை. 1902-ல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. ஒரு டாக்டர் மட்டும் போதாதுன்னு புரிஞ்சு, 1909-ல் செவிலியர் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பின்னாளில் எம்பிபிஎஸ் நடத்தினால்தான் நீடிக்க முடியும் என்ற நிலை வந்தபோது, 70 வயதைத் தாண்டியும் அமெரிக்கா போய் மறுபடி நிதி கேட்டார். 1960-ல் கொடைக்கானலில் காலமானார்.

அடுத்த முறை பிட்ச் பண்ணும்போது ஆப், சென்சார், ஏஐ எல்லாம் இரண்டாவது ஸ்லைடுக்குப் போகட்டும். உங்க ப்ராஜெக்ட் வராமல் போனா யாருக்கு என்ன ஆகும்? அதை முதலில் சொல்லுங்க. சொல்லத் தெரியலைன்னா, லேப்டாப்பை மூடிட்டு அந்த மனுஷங்களைப் போய்ப் பார்த்துட்டு வாங்க.