காவல் நின்ற தங்கராஜ்

நம் ஊர்த் தெருவாயினும், இந்தப் புனே நகர மைதானமாயினும், ஓட முடியாத பையனைத்தான் பெரும்பாலும் கோலில் நிறுத்துகிறார்கள். அவ்விடம் தண்டனையன்று, பெருமை என்று வாழ்ந்து காட்டியவர் பீட்டர் தங்கராஜ்.

1935இல் பிறந்த அவர், சிகந்தராபாத்தின் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் கழகங்களில் ஆடப் பழகினார். 1953இல் இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியில் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் இடம்பெற்றார். அங்கே முதலில் அவர் கோல் போடும் சென்டர் பார்வர்டு! பின்னரே கோல் காப்பாளராக மாற்றப்பட்டார். அந்த மாற்றமே அவர் வாழ்வின் திருப்பம். அவ்வணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டுராண்டு கோப்பையை வென்றது. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளர் எனும் புகழும் அவரைச் சேர்ந்தது.

1956இல் மெல்போர்ன், 1960இல் ரோம் ஒலிம்பிக் அணிகளில் அவர் இருந்தார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கம் கொண்டபோது, காவல் நின்றவர் அவரே. 1967இல் அர்ஜுனா விருது பெற்றார்.

ஆட்டத்தை விட்ட பின்னும் மைதானத்தை விடவில்லை. கோவாவிலும் அலிகாரிலும் பயிற்சியளித்தார். பின்னர் பொகாரோ எஃகு நகரின் கால்பந்துப் பள்ளியில் இளைஞரை உருவாக்கினார். 2008இல் மறைந்தார்.

ஞாயிறுதோறும் சிறுவர்க்குப் பந்தாட்டம் பழக்கும் நண்பர்களே! கோலில் தனியே நிற்கும் பையனிடமும் சற்றுச் செல்லுங்கள். அவனுக்கும் கற்றுத்தர ஆள் வேண்டும்.