மார்கழியில் கேட்கும் திருவாசகம்... 80 வயதில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன வாத்தியார்! யார் இந்த ஜி.யு.போப்?

மார்கழி பிறந்தாச்சுன்னா வில்லியனூர், பாகூர் பக்கம் விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கரில் திருவெம்பாவை கேட்கும். மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் ஒரு பகுதி அது. அந்த திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார், பள்ளி ஆசிரியர். அவர்தான் ஜி.யு.போப்.

19 வயதில் தமிழ்நாடு

1820 ஏப்ரல் 24-ல் இன்றைய கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர் ஜார்ஜ் உக்லோ போப். சிறு வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1839-ல், 19 வயதில் மதப் பணிக்காக சென்னை வந்தார். அடுத்த 40 ஆண்டுகளுக்கு மேல் தென்னிந்தியாதான் அவருக்கு ஊர்.

கையில் பிரம்பு, மனசில் தமிழ்

தூத்துக்குடி அருகே சாயர்புரம், அப்புறம் தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூரு... போன இடமெல்லாம் பள்ளிக்கூடம்தான். ரொம்பக் கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் எடுத்தவர். அதே மனிதர்தான் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி தமிழ் இலக்கண நூல்களையும் எழுதினார்.

ஓய்வு வயதில் தொடங்கிய வேலை

1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு கற்பித்தார். 1886-ல் திருக்குறள், 1893-ல் நாலடியார் மொழிபெயர்ப்புகள் வெளிவந்தன. அடுத்தது திருவாசகம். 51 பகுதிகள் கொண்ட பக்திப் பாடல்கள். வயதோ 70-ஐத் தாண்டிவிட்டது. முடிக்க ஆயுள் போதுமா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது.

அந்தத் தயக்கத்தை பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டிடமே சொல்லியிருக்கிறார். பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் ஆயுள் தானாக நீளும் என்று தைரியம் கொடுத்தாராம் ஜோவெட். அவர் 1893-ல் காலமானார். போப் வேலையை நிறுத்தவில்லை. 1900 ஏப்ரல் 24, தன் 80-வது பிறந்தநாள் தேதியிட்டு முன்னுரை எழுதி முடித்தார்.

சைவ சித்தாந்தத்தின் எல்லாக் கருத்துகளையும் அவர் ஏற்றுக்கொண்டவர் இல்லை. ஆனாலும் மாணிக்கவாசகரின் உருக்கத்தை மனதார மதித்தார். தன் மதத்தை விடாமலே அடுத்தவர் பக்தியைப் புரிந்துகொள்ள முடியும் என்பதற்கு இந்தப் புத்தகமே சாட்சி.

கல்லறையில் இருப்பது என்ன?

1908 பிப்ரவரியில் போப் மறைந்தார். தன்னைத் தமிழ் மாணவன் என்று கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என்ற தகவலை வாட்ஸ்அப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆக்ஸ்போர்டில் உள்ள அவரது கல்லறையில் அப்படி ஒரு வரி இல்லை. குடும்பத்தினரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை வைத்ததாகவே அதில் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இதுதான் பெரிய விஷயம். அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது இல்லை, கடல் தாண்டி இருந்த தமிழர்கள் அவரை மறக்காமல் செய்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினாவில் அவருக்குச் சிலையும் வைக்கப்பட்டது.

அடுத்த மார்கழியில் திருவெம்பாவை காதில் விழும்போது, இந்தக் கண்டிப்பான வாத்தியாரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.